உப்பேறாத வயல்கள்

ஒமானின் ஹஜர் மலைத்தொடரில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பலத் ஸீத் என்ற சிற்றூர். அல் ஹம்ராவிலிருந்து மலையேறி, கணவாயைத் தாண்டி, மறுபக்கம் வாதி பனீ அவ்ஃப் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். வழிநெடுகப் புல் பூண்டு இல்லாத பாறை. திடீரென ஒரு வளைவுக்குப் பின்னால் பச்சை தெரிகிறது. பேரீச்சந்தோப்பு, படிப்படியாய் ஏறும் சின்னஞ்சிறு வயல்கள், பாறை மேட்டில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் வீடுகள். தண்ணீர் பாயக்கூடிய நிலத்தில் ஒரு சாண்கூட வீட்டுக்கு விடவில்லை.

இந்தப் பாலைமலையில் தண்ணீர் ஏது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதற்கு விடை எளிது. ஊருக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புப் பாறை, டெதிஸ் என்ற பழங்கடலின் அடியில் படிந்து, பிறகு மேலெழுந்தது. எப்போதோ பெய்யும் மழை அதன் வெடிப்புகளில் இறங்குகிறது. கீழே நீர் புகாத பாறையை எட்டியதும் ஊற்றாக வெளியே வருகிறது. அந்த ஊற்றை வாய்க்காலில் திருப்பினால் அது ஃபலஜ். ஒமானில் இன்றும் சுமார் 3,000 ஃபலஜ்கள் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை யுனெஸ்கோ 2006-இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது.

என்னை வியக்க வைத்தது தண்ணீர் அல்ல, உப்பு இல்லாததுதான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பாசன நீரில் லிட்டருக்கு அரை கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். வாயில் வைத்தால் கரிக்காது; நல்ல தண்ணீர்தான். ஆண்டு முழுவதும் ஒரு மீட்டர் ஆழத்துக்கு அதைப் பாய்ச்சினால், ஒரு ஹெக்டேரில் சேரும் உப்பு 5 டன். வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுக்காது. மழை பெய்து கழுவும் என்று நம்பவும் இடமில்லை. நூறாண்டில் 500 டன். தென் மெசபடோமியாவின் பழைய வயல்கள் பலவற்றைக் கெடுத்தது இதுதான். ஆனால் பலத் ஸீத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாசனம் நடக்கிறது. மண் இன்னும் விளைகிறது.

ஜெர்மனியின் காஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் புதிரை ஆராய்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் குழிதோண்டிப் பார்த்தது குதிரைமசால் என்ற தீவனப் பயிர் விளையும் வயல்களை. இந்த வயல்களின் மண் இயற்கையாக அங்கே கிடந்ததல்ல. மனிதர்கள் கொண்டுவந்து, கல் வரப்புக்குள் கொட்டி நிரப்பியது. வாய்க்காலைத் திறந்தால் பாத்தி முழுக்க நீர் நிற்கிறது. வேருக்கு வேண்டியது மண்ணில் தங்க, மிச்சம் கரைந்த உப்பையும் இழுத்துக்கொண்டு கீழே வடிந்துவிடுகிறது. சமவெளியில் அந்த நீருக்குப் போக்கிடம் இருக்காது. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, உப்பு மறுபடி மேலே ஏறும். ஊற்றுநீரில் உப்பு குறைவு என்பதும் பெரிய துணை. ஆட்டு எரு தலைமுறை தலைமுறையாக மண்ணில் சேர்ந்து, அதைப் பொலபொலவென்று வைத்திருக்கிறது. அந்த ஆடுகள் தின்பது இதே வயலின் குதிரைமசாலைத்தான்.

கல்லை அடுக்கியவர்களுக்கு வேதியியல் தெரியாது. வடியாத வயல் கெடும் என்று தெரியும். மண்ணியல் பாடநூல் இன்று சொல்வதும் அதைத்தான்.

வறட்சிக்கும் வழி வைத்திருக்கிறார்கள். பேரீச்சை பல பத்தாண்டு முதலீடு. அதற்குத் தண்ணீரை நிறுத்த முடியாது. ஊற்று மெலியும் ஆண்டில் கோதுமை, சோளம், பூண்டு போடும் வயல்களில் சிலவற்றைத் தரிசாக விட்டு, மரங்களைக் காப்பாற்றுகிறார்கள். ஃபலஜ் நீர் பங்கிடப்படுவது நேரக் கணக்கில். ஒமானின் பல ஊர்களில் பகலில் நிழலையும் இரவில் உதிக்கும் விண்மீன்களையும் பார்த்து முறை மாற்றினார்கள். கடிகாரம் வந்த பிறகும் பங்கு முறை மாறவில்லை.

இதே நாட்டின் பாத்தினா கடலோரத்துக்குப் போனால் நேர்மாறான காட்சி. ஆழ்துளைக் கிணறும் பம்பும் வந்து, ஊறுவதைவிட அதிகமாக இறைத்ததில், கடல்நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்துவிட்டது. பேரீச்சந்தோப்புகள் பட்டுப்போய், பண்ணைகள் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. ஃபலஜில் இந்தத் தவறைச் செய்யவே முடியாது. ஊற்று கொடுப்பதுதான் கிடைக்கும்.

மலையூர்களுக்கு வந்திருக்கும் ஆபத்து வேறு. இளைஞர்கள் வேலைக்கு மஸ்கட் போகிறார்கள். கல் வரப்பு சரிந்தால் அன்றே கையால் எடுத்துக்கட்ட ஆள் வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த மழை மண்ணைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்விடும். அந்த மண்ணை மறுபடி யார் சுமப்பது?

மஸ்கட்டில் வேலை பார்க்கும் தமிழர்கள் விடுமுறைக்கு இந்தப் பக்கம் நிறையப் போகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். கல் வரப்பின்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். ஃபலஜில் காலை நனைக்க ஆசை வரும். வேண்டாம், கீழே இருப்பவர்களுக்கு அது குடிநீர்.