பச்சையில்லாப் பூண்டுகள்

தாவரம் என்ற அளவில் பசுமையே நம் உள்ளத்தில் தோன்றும். இலையிலுள்ள பச்சையமன்றோ கதிரொளியின் துணையால் காற்றையும் நீரையும் உணவாகச் சமைப்பது! அப்பச்சையம் ஒரு சிறிதுமின்றி, இலைகள் செதிலாய்த் தேய்ந்து, வெளுத்த மேனியுடன் மரநிழலில் முளைத்துப் பூத்து விதையும் ஈனுகின்ற பூண்டுகள் சில உள. இவற்றிற்கு உணவளிப்பார் யார்?

மட்கிய சருகுகளை உண்டே இவை வாழ்வனவென நெடுங்காலம் எழுதிவந்தனர். அது பொருந்தாது. மட்கைக் கரைத்துண்ணும் ஆற்றல் காளானினத்திற்கு உண்டு. பூக்குந் தாவரத்திற்கு இல்லை. மானோட்ரோப்பா என்னும் பூண்டின் வேரைக் காளானிழைகள் உறைபோற் போர்த்திருத்தலை 1881-இல் காமியென்ஸ்கி என்பார் கண்டு, அவ்விழைகளின் வழியே அண்டை மரத்தின் உணவு அதனை அடைகின்றதெனக் கருதினார். 1960-இல் சுவீடன் நாட்டு பியோர்க்மன், கதிரியக்கச் சர்க்கரையை மரங்களிற் செலுத்தினார். அருகிலிருந்த மானோட்ரோப்பாவில் அக்கதிரியக்கம் வெளிப்பட்டது.

மரத்திற்கும் காளானுக்கும் நிகழ்வது நேர்மையான பண்டமாற்று. காளான் நீரும் உப்புக்களும் தரும். மரம் சர்க்கரை தரும். நம் பூண்டோ இவ்விருவர்க்குமிடையே புகுந்து, பெற்றதற்குக் கைம்மாறு யாதும் அளிப்பதாகத் தெரியவில்லை. புல்லுருவியேனும் மரக்கிளையில் வெளிப்படையாய் வேரூன்றிக் கவர்கின்றது. இது தரகன் பையில் கைவைக்கின்றது! ஆயினும் இக்கள்வனுக்கு உரிமை சிறிதே. தூசியனைய அதன் விதையில் சேமித்த உணவு மிகக் குறைவு. ஏற்ற காளானை எய்தினாலன்றி முளை வளராது. மானோட்ரோப்பாவின் ஒவ்வோரினமும் குறித்த சில காளான்களையே நாடும். இதனைத் தோண்டித் தோட்டத்தில் நட்டார் பலரும் ஏமாந்தது இதனாலேயே.

நிற்க. 1912-ஆம் ஆண்டு சிக்காகோ நகர்ப்புறத்தில், கலுமெட் ஏரியை அடுத்த ஈரப்புல்வெளியில், நார்மா பைபர் என்னும் மாணவியார் மண்ணிற் பெரும்பாலும் புதைந்திருந்த மிகச் சிறிய வெண்பூ ஒன்றைக் கண்டார். தேர்ந்தோர் கண்ணுக்குப் படாதது கற்பவர் கண்ணுக்குப் பட்டது! திஸ்மியா என்னும் இவ்வினத்தின் உறவினவெல்லாம் பெரும்பாலும் வெப்பநாட்டுக் காடுகளில் வாழ்வன. நெருங்கிய சுற்றமோ கடல்கடந்த டாஸ்மேனியா, நியூசிலாந்துப் பகுதிகளில் உள்ளது. 1914-இல் அம்மையார் இதனைத் திஸ்மியா அமெரிக்கானா எனப் பெயரிட்டு வெளியிட்டார். 1916-க்குப் பின் அதனைக் கண்டவர் எவருமிலர். அந்நிலம் தொழிற்சாலைகளுக்கு இடமாயிற்று. பிற்காலத்தார் பலர் திரண்டு, முழந்தாளிட்டுப் புல்லை விலக்கிப் பன்முறை தேடினர், கிட்டவில்லை. எஞ்சியுள்ளன பதனிட்டு வைத்த சில மாதிரிகளும் அவர் எழுதிய கட்டுரையுமே.