மழைக்கு முன் வளவு: திரும்பி வந்த முதற் போகத்தில் என்ன செய்யலாம்

நீங்கள் விட்டுவந்த வளவு நீங்கள் திரும்பிப் போகும்போது அப்படியே இருக்காது. கிணற்றடியில் வாழை நின்ற இடத்தில் நாயுண்ணிப் பற்றை ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். வேலிக்கு நட்ட பூவரசும் கிளுவையும் வெட்ட ஆளில்லாமல் மரமாகி நிற்கும். சில தென்னைகளுக்கு வட்டு இருக்காது. முற்றம் எது, கோடி எது என்று உங்களுக்கே சிலவேளை மட்டுப்பிடிக்க முடியாது. இதைப் பார்த்ததும் கத்தியை எடுத்து வெட்டத் தொடங்க வேண்டும், அல்லது ஒரு நெருப்புக்குச்சியைத் தட்டிப்போட்டு எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டும் என்றுதான் கை துடிக்கும். தயவுசெய்து இரண்டையும் உடனே செய்ய வேண்டாம்.

அதேநேரம் அதிகம் காத்திருக்கவும் முடியாது. உங்களுக்குக் கிடைக்கும் உலர் உணவு நிவாரணம் ஒருநாள் நிறுத்தப்படும். அந்த நாள் எது என்று கேட்டு, கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னர் உங்கள் வளவிலிருந்து கறிச்சட்டிக்கு ஏதாவது வரத் தொடங்க வேண்டும். வளவு முழுவதையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இரண்டு மூன்று வருட வேலை. முதற் போகத்தில் செய்யக்கூடியது ஒரு சிறு துண்டைப் பயனுக்குக் கொண்டுவருவதுதான். எதை முதலில், எதைப் பிறகு என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

வெட்டுவதற்கும் எரிப்பதற்கும் முன்

ஊரில் சனம் குடியேறிவிட்டது என்பதற்காக ஒவ்வொரு வளவும் பரிசோதிக்கப்பட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். வீதியும் பாடசாலையும் துப்புரவாக்கப்பட்டிருக்கலாம். உங்கள் கோடிப்பக்கம் மிஞ்சியிருக்கலாம். உங்கள் காணி மிதிவெடி அகற்றப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். இன்னொரு கேள்வியையும் கட்டாயம் கேட்க வேண்டும்: எவ்வளவு ஆழத்துக்குப் பார்த்தார்கள்? மிதிவெடி அகற்றுவோர் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரைக்கும்தான் நிலத்தைப் பார்ப்பார்கள். கீரைப் பாத்திக்கு மண்ணைக் கொத்துவது வேறு, மலசலகூடக் குழியோ தென்னங் குழியோ வெட்டுவது வேறு. ஆழமாக வெட்டப்போகிறீர்கள் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள்.

பற்றைக்கு நெருப்பு வைப்பது மிகவும் ஆபத்தானது. வெடிக்காமல் கிடக்கும் ஷெல்லோ கைக்குண்டோ சூட்டில் வெடிக்கும். எரித்தால் மிதிவெடியும் அழிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள்; அது சரியல்ல. சில வெடிக்காமல் சாம்பலுக்குக் கீழேயே கிடக்கும்.

பங்கர் இருந்த இடம், ஷெல் விழுந்த குழி, மண் அணை, கைவிடப்பட்ட காவலரண், பாழ்கிணறு ஆகிய இடங்களில் கூடுதல் கவனம் தேவை. மண்மூடைகளை இழுத்துப் பிரிக்கவோ, பங்கருக்குப் போட்ட பனங்குற்றிகளைக் கிளப்பவோ வேண்டாம். அந்தக் குற்றி வீட்டு வேலைக்கு உதவும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்க்கும்வரை அது அங்கேயே கிடக்கட்டும். சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி வந்து, அந்த இடத்தைத் தூரத்திலிருந்து அடையாளப்படுத்தி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பழைய இரும்பு பொறுக்கி விற்கும் வேலைக்குப் பிள்ளைகளை ஒருபோதும் விட வேண்டாம்.

காணி பாதுகாப்பானது என்று உறுதியான பிறகும் பற்றையை வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். புடையனும் சுருட்டையும் நாகமும் இத்தனை வருடமாக அங்கே குடியிருந்திருக்கும். நீளத் தடியால் தட்டிவிட்டுக் கையை வையுங்கள்; சப்பாத்து இருந்தால் போடுங்கள். பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இடிந்த வீட்டுக் கூரையில் அஸ்பெஸ்டஸ் சீற் இருந்தால் அதை அடித்து நொறுக்க வேண்டாம், அதன் தூசி நெஞ்சுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து நனைத்து, உடையாமல் எடுத்து, ஒரு மூலையில் மூடிவையுங்கள். தோட்டத்து மண்ணோடு அது கலக்கக்கூடாது.

கிணறு

தண்ணீர் இல்லாமல் தோட்டம் இல்லை. ஆனால் கிணற்றில் அவசரப்பட்டு இறங்கி உயிரை விட்டவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். நெடுநாள் இறைக்காத கிணற்றில் ஆயுதங்களோ வெடிபொருட்களோ போடப்பட்டிருக்கலாம். ஆகவே முதலில் மிதிவெடி அகற்றுவோரைக் கொண்டு பார்ப்பியுங்கள். அவர்கள் சரி என்ற பிறகும் ஒருவர் தனியே இறங்கக்கூடாது. இலை குழை அழுகிய கிணற்றின் அடியில் நல்ல காற்று இருக்காது. விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அது அணைந்தால் நிச்சயமாக இறங்கக்கூடாது. ஆனால் அது எரிந்தாலும் நம்பிவிட முடியாது. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓடவிட்டால் அதன் புகை உள்ளே தங்கும். அந்தப் புகைக்கு விளக்கு அணையாது, மனிதர்தான் மயங்கி விழுவார். இயந்திரத்தை எப்போதும் கிணற்றுக்கு வெளியே, காற்றுப் போகும் பக்கத்தில் வையுங்கள்.

இறைத்துச் சேறெடுத்த பிறகு குளோரின் இட வேண்டும். எவ்வளவு என்பது கிணற்றின் அளவையும் தண்ணீரின் அளவையும் பொறுத்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துச் சொல்வார். அவர் குடிக்கலாம் என்று சொல்லும்வரை கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரையே குடியுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கரையோர ஊர்களிலும் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நிலத்தின் கீழ் நல்ல தண்ணீர் உவர்த்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. ஒரே நாளில் அடிகாணும்வரை இறைத்தால் கீழே உள்ள உவர் மேலே ஏறிவிடும். 2004 சுனாமிக்குப் பின்னர் கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்து இந்தப் பாடத்தைப் படித்தோம். கொஞ்சமாக இறைத்து, ஊறவிட்டு, மீண்டும் இறையுங்கள்.

குசினிப் பக்கத்துத் துண்டு

வடக்கில் வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும் விழுந்து முடிந்துவிடும். புரட்டாதியில் நிலம் தயாராக இருந்தால் இந்த மழை உங்களுக்கு வேலை செய்யும். கார்த்திகையில் தயார்ப்படுத்தத் தொடங்கினால் உங்கள் விதை வெள்ளத்தில் போகும். தை மாதத்துக்குப் பிறகு திரும்பிப் போகிறவர்கள் மனந்தளர வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் எட்டுமளவுக்கு ஒரு சிறு துண்டைச் செய்து, பெரிய நடுகையை அடுத்த ஐப்பசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குசினிக்கும் கிணற்றுக்கும் இடையில், பத்தடி அகலமும் இருபதடி நீளமும் உள்ள ஒரு துண்டைத் தெரிவு செய்யுங்கள். சிறிதாக இருக்கிறதே என்று தோன்றும். வீடு கட்டும் வேலை, பதிவு, அடையாள அட்டை, பாடசாலை என்று அலையும் அந்த நாட்களில் அதைப் பார்ப்பதே பெரிய காரியம். அரை ஏக்கரைக் கொத்திவிட்டுக் களைக்குப் பறிகொடுத்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறோம், இந்தச் சிறு துண்டில் கீரையும் பயற்றையும் எடுத்துச் சமைத்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறோம். வீடு இடிந்து விழுந்த இடத்தை இதற்குத் தெரிவு செய்ய வேண்டாம். சீமெந்தும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் பயிர் மஞ்சளாகிவிடும்.

மண் நெடுநாள் வெயிலில் இறுகியிருக்கும். குப்பைப் பசளை செய்யக் குறைந்தது இரண்டரை மூன்று மாதம் தேவை. உங்களிடம் அவ்வளவு நாள் இல்லை. அதனால் எங்கள் ஆட்கள் தலைமுறையாகச் செய்துவந்த குழை தாழ்த்தலையே செய்யுங்கள். ஒரு முழ அகலத்துக்குச் சால் வெட்டி, அந்த மரமாகிப்போன பூவரசின் குழையையும் வேப்பங்குழையையும் வெட்டிப் போட்டு, மாட்டெரு கிடைத்தால் தூவி, மண்ணால் மூடுங்கள். இரண்டு மூன்று கிழமையில் அது அழுகி மண் பொதுக்கென்று வரும். அதற்கு மேல் அரை அடி உயரத்துக்குப் பாத்தி கட்டுங்கள். இந்த உயரம் முக்கியம். 2008 கார்த்திகையில் நிஷா புயலோடு வந்த மழையில் வெள்ளம் எங்கே நின்றது, எங்கால் ஓடியது என்று அப்போது ஊரில் இருந்தவர்களைக் கேளுங்கள். அந்த வழியை மறிக்காமல் வாய்க்கால் விடுங்கள்.

வெள்ளைச் சிறு பூக்கள் பூத்து, கரட் இலைபோல இலை விடும் பாதீனியம் வளவில் நின்றால் பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். வெறுங்கையால் வேண்டாம், சொறியும் இழுப்பும் வரும். கையில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டாவது பிடுங்குங்கள்.

எது எத்தனை நாளில்

முதலில் வருவது கீரை. விதைத்து மூன்று நான்கு கிழமையில் பிடுங்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல், பத்து நாளைக்கு ஒரு சிறு பாத்தியாக விதைத்தால் கறி தொடர்ந்து வரும். வெண்டியும் பயற்றையும் ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். பாசிப்பயறு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். பூசணிக்கு மூன்று நான்கு மாதம். அதை இந்தச் சிறு துண்டுக்குள் விடாமல் கோடிப்பக்கம் படரவிடுங்கள். கத்தரியும் மிளகாயும் நாற்றுமேடையில் ஒரு மாதம் நின்ற பிறகே நடுகைக்கு வரும். ஆகவே புரட்டாதியிலேயே நாற்றுப் போட வேண்டும். அடைமழைக்கு நாற்றுகள் அழுகாமல் கிடுகினால் ஒரு சிறு பந்தல் போடுங்கள்.

மரவள்ளித் தடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி மழையோடு ஊன்றிவிட்டால் எட்டுப் பத்து மாதத்தில் கிழங்கு. அரிசி குறையும் காலத்துக்கு அது கைகொடுக்கும். முருங்கைக்கு ஒரு பாகத் தடி போதும், ஆனால் தண்ணீர் நிற்கும் இடத்தில் அது அழுகிவிடும், மேட்டில் நடுங்கள். காய் வர ஆறேழு மாதமாகும், இலை அதற்கு முன்பே கறிக்கு உதவும். பப்பாசிக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள். வாழையைக் குளிக்கும் தண்ணீரும் சட்டிபானை கழுவும் தண்ணீரும் ஓடும் பக்கத்தில் வைத்தால் அதற்கென்று தனியே இறைக்கத் தேவையில்லை.

நிவாரணப் பொதியில் வரும் விதைகளில் சில சிவப்பு அல்லது வேறு நிறம் பூசியிருக்கும். அது நஞ்சு மருந்து. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் அதைச் சமைக்கவோ கோழிக்குப் போடவோ கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை அடுத்த முறை அதேபோல் காய்க்காது. அயலில் யாரிடமாவது நாட்டு வெண்டி, நாட்டுப் பயற்றை இருந்தால் ஒரு பிடி கேட்டு வாங்கி, முதற் காய்களில் நல்லதாக நாலைந்தைப் பறிக்காமல் முற்றவிட்டு விதைக்கு வையுங்கள். எந்த இனம் உங்கள் மண்ணுக்கு ஏற்றது என்று விவசாயப் போதனாசிரியர் சொல்வார். அவரை எந்த நாளில் காணலாம் என்று கமநல சேவை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலி

விதை போடுவதற்கு முன் வேலி. கட்டாக்காலி மாடுகள் இப்போது ஊரெல்லாம் திரிகின்றன. ஒரு இரவு போதும். முழு வளவுக்கும் அடைக்க வசதி இல்லாவிட்டால் அந்தப் பத்தடி இருபதடித் துண்டுக்கு மட்டும் முள்ளும் பனையோலையும் கொண்டு அடையுங்கள். எல்லை வேலியில் அவசரம் காட்ட வேண்டாம். பக்கத்து வளவுக்காரர் இன்னும் வரவில்லை, எல்லைக்கல் காணவில்லை, உறுதி தொலைந்துவிட்டது என்றால் கிராம அலுவலருக்குத் தெரிவித்துவிட்டுத் தற்காலிகமாக அடையுங்கள். கதியால் போட்டு முளைத்த பிறகு ஒரு முழ நிலத்துக்காகக் கோடு கச்சேரி ஏறிய கதைகள் நாங்கள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றில்லை. எல்லை உறுதியானதும் மழைக்காலத்தில் கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்களை நடுங்கள். வேலியும் ஆச்சு, ஆட்டுக்குக் குழையும் ஆச்சு, அடுத்த முறை தாழ்க்கப் பசுந்தாளும் ஆச்சு.

மழை தொடங்குமுன் வளவில் கிடக்கும் சிரட்டை, ரயர், உடைந்த பானைகளைப் பொறுக்கிவிடுங்கள். அவற்றில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு பெருகும்.

தென்னையும் பனையும்

வட்டில்லாத தென்னைக்கு உயிர் வராது. அதைத் தறித்து, வேரோடு கிடக்கும் அடிக்கட்டையையும் அகற்றுங்கள். உக்கும் குற்றியில் வண்டு பெருகிப் புதுக் கன்றுகளைத் தின்னும். புதுக் கன்றுக்கு மூன்றடி நீள அகல ஆழத்தில் குழி வெட்ட வேண்டும் (மேலே சொன்ன ஆழத்துக் கேள்வி இதற்குத்தான்). அடியில் பொச்சு மட்டையை அடுக்கி, மேல்மண்ணும் எருவும் போட்டு நடுங்கள். கன்றுக்குக் கன்று இருபத்தாறு அடி இருக்கட்டும். முதற் தேங்காய்க்கு ஐந்தாறு வருடமாவது செல்லும் என்பதால் இடையில் வாழையும் மரவள்ளியும் வைக்கலாம்.

பனை இன்னும் மெதுவானது, ஆனால் அது முதற் போகத்திலேயே உங்களுக்குச் சாப்பாடும் தரும். ஆவணி, புரட்டாதியில் ஊரில் நிற்கும் பனைகளுக்குக் கீழே விழுந்துகிடக்கும் பழங்களைப் பிள்ளைகளோடு போய்ப் பொறுக்குங்கள். பரிசோதித்து ஒப்படைக்கப்பட்ட இடங்களில் மட்டும். இளகிய மணலில் உயரமாகப் பாத்தி கட்டி விதைகளை நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடிவிட்டால் மற்ற வேலையை மழை பார்த்துக்கொள்ளும். தையளவில் பாத்தியை வெட்டிக் கிழங்கெடுக்கலாம். அவித்துத் தின்றது போக மிச்சத்தைக் காயவிட்டால் ஒடியலும் புழுக்கொடியலும் மழை இல்லாத மாதங்களுக்கு இருக்கும். பாத்தி போடும்போதே இருபது விதையைப் புறம்பாக எடுத்து எல்லையோரமாக ஊன்றிவிடுங்கள். அவற்றைக் கிழங்குக்குக் கிண்டாமல் வடலியாக விட வேண்டும் என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.