பனி பின்வாங்கிய பாதையில் சொகுசுக் கப்பல்

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் உள்ள கிளேசியர் விரிகுடாவுக்குள் நாளொன்றுக்கு அதிகபட்சம் இரண்டு பெரிய பயணக் கப்பல்களே அனுமதிக்கப்படுகின்றன. அவ்வாறு நுழையும் கப்பல் அங்கே எந்தத் துறையிலும் கரையணைவதில்லை. வாயிலருகே, விரிகுடாவை உள்ளடக்கிய தேசியப் பூங்காவின் காவலர்கள் சிறு படகில் வந்து ஏறிக்கொண்டபின், அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே சென்று, மார்ஜெரி என்னும் பனியாற்றின் முகப்பில் சிறிது நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்புகிறது. பால்கனி அறைகளும் நீச்சல் குளமும் கொண்ட அந்த மிதக்கும் விடுதியின் பயணிகள் பார்க்க வருவது பனியை என்றாலும், அவர்கள் கடந்து வரும் நீர்ப்பரப்பில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கடலாகவே இருக்கவில்லை.

பனியாறு என்பது, மலைமேல் ஆண்டுதோறும் கரையாமல் சேரும் பனித்தூவி, தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகி, சரிவில் மெல்ல நகர்ந்து இறங்கும் பெருந்திரளாகும். உலகின் பல பகுதிகள் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்த, ‘சிறு பனியுகம்’ எனப்படும் காலகட்டத்தில் இங்கிருந்த பனியாறு முன்னேறி, 1750 வாக்கில் விரிகுடாவின் வாயையே அடைத்து நின்றது. பனி முன்னேறி வந்தபோது, இன்று விரிகுடாவாக உள்ள பள்ளத்தாக்கில் குடியிருந்த ஹூனா டிலிங்கிட் மக்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்ததை அவர்களுடைய வாய்மொழி மரபு இன்றும் சொல்கிறது. 1794இல் ஜார்ஜ் வான்கூவரின் கடற்பயணக் குழுவினர் இக்கரையை அளந்தபோது, எட்டுக் கிலோமீட்டர் அளவுக்கு உட்குழிந்த ஒரு வளைவையும் அதன் முடிவில் பனிச்சுவரையும் மட்டுமே கண்டனர். இயற்கையாளர் ஜான் மியூர் 1879இல் வந்தபோது பனி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உள்வாங்கியிருந்தது; 1916க்குள் அத்தொலைவு 100 கிலோமீட்டரை நெருங்கிவிட்டது.

பனி விட்டுச்சென்ற இந்தப் பள்ளம் ஃபியோர்டு எனப்படுகிறது. பனியாறு தன் அடியில் சிக்கிய பாறைத் துண்டுகளால் பள்ளத்தாக்கை அராவி ஆழமாக்கி, பக்கங்களைச் செங்குத்தாகச் செதுக்கிவிட்டுப் பின்வாங்க, அந்த இடத்தில் கடல் புகுந்து நிறைகிறது. இவ்விரிகுடாவின் சில இடங்களில் ஆழம் 400 மீட்டரைத் தாண்டுவதால்தான், பல்லாயிரம் டன் எடையுள்ள கப்பலும் மலைச்சுவருக்கு வெகு அருகில் அச்சமின்றிச் செல்ல முடிகிறது. பாறை அரைபட்டு உண்டாகும் மாவு போன்ற நுண்துகள்கள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதே, பயணிகள் படமெடுத்து மகிழும் பால்கலந்த பச்சை நிறத்துக்குக் காரணம். பெரும் பாரம் நீங்கியதால் நிலமும் எழும்புகிறது: விரிகுடாவின் வாயிலை ஒட்டிய கஸ்டேவஸ் பகுதியில் தரை ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது.

கப்பல் தளத்தில் எல்லோரும் காத்திருப்பது, பனிச்சுவரிலிருந்து ஒரு பாளம் பிளந்து பேரொலியுடன் கடலில் விழும் தருணத்துக்காக. அதைக் கண்டதும் பூமி சூடாவதற்குக் கண்முன் சான்று கிடைத்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். ஆனால் இந்த முடிவு அவசரமானது. கடலைத் தொடும் எந்தப் பனியாறும், வளரும் காலத்திலும்கூட, முகப்பில் உடைந்துகொண்டேதான் இருக்கும். இவ்வகைப் பனியாறு முன்னேறும்போது, தான் அள்ளிவரும் மண்ணையும் கல்லையும் முகப்பின் அடியில் மேடாகக் குவித்து, ஆழமான கடல்நீரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. அம்மேட்டிலிருந்து ஒருமுறை பின்னுக்கு நழுவி ஆழநீரில் சிக்கிவிட்டால், தட்பவெப்பம் பெரிதாக மாறாவிட்டாலும் உடைந்து உடைந்து விரைவாகப் பின்வாங்குகிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளின் பெரும் பின்வாங்கலை, சிறு பனியுகத்தின் முடிவோடு இந்தச் சுழற்சியையும் சேர்த்துத்தான் விளக்க வேண்டும். இதே விரிகுடாவில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பனியாறு, 4,671 மீட்டர் உயரமுள்ள ஃபேர்வெதர் சிகரத்தைக் கொண்ட மலைத்தொடரின் பனிப்பொழிவால் ஊட்டம் பெற்று, 20ஆம் நூற்றாண்டில் முன்னேறவே செய்தது. புவி வெப்பமாதலின் தடத்தைப் பார்க்க விரும்புவோர், முகப்பின் ஆரவாரத்தை விட்டுவிட்டு, அலாஸ்காவெங்கும் கடலைத் தொடாத பனியாறுகள் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துவருவதையே பார்க்க வேண்டும். அங்கே நிழற்படத்துக்கு உகந்த காட்சி ஏதும் இல்லை என்பதுதான் குறை.

நீருக்கடியிலோ வேறொரு ஆரவாரம் நடக்கிறது. நெடுங்காலத்துக்கு முன் பனிக்குள் அகப்பட்டு அழுத்தத்தில் இருந்த காற்றுக் குமிழ்கள், கட்டி கரையும்போது வெடித்து வெளியேறுவதால், பனியாற்று ஃபியோர்டுகள் கடலின் மிக இரைச்சலான இயற்கை இடங்களுள் அடங்கும் என்பதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒலியைக் கொண்டே இரைதேடும் ஓர்க்கா திமிங்கலங்களின் காதுக்குத் தப்ப, கடல்நாய்கள் இந்த இரைச்சலைத் திரையாகப் பயன்படுத்தக்கூடும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். மிதக்கும் பனிக்கட்டிகளின் மேலேயே கடல்நாய்கள் குட்டி ஈனுகின்றன. நெருங்கிவரும் கப்பலைக் கண்டு நீரில் குதித்தால் தாயும் குட்டியும் பிரிந்துபோகலாம் என்பதால், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கிளைக்குள் குட்டியீனும் பருவத்தில் பயணக் கப்பல்கள் விடப்படுவதில்லை. கூனல்முதுகுத் திமிங்கலங்கள் கூடும் நீரிலும் கப்பல்கள் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

பயண நிறுவனங்களின் வண்ண ஏடுகளில் இடம்பெறாத அபாயமும் ஒன்றுண்டு. பள்ளத்தாக்கை நிரப்பியிருந்த பனி, இருபுறச் சரிவுகளுக்கும் முட்டுக்கொடுத்து வந்தது. அது விலகியபின் தளர்ந்த சரிவு பெயர்ந்து குறுகிய நீரில் விழுந்தால், எழும் அலை சிதற இடமின்றி எதிர்க்கரையில் ஏறும். இன்று இப்பூங்காவின் எல்லைக்குள் அடங்கும் லிதூயா விரிகுடாவில், 1958 ஜூலை 9 அன்று நிலநடுக்கத்தால் பெயர்ந்த பாறைச்சரிவு எழுப்பிய அலை, மலைச்சரிவில் 524 மீட்டர் உயரம்வரை ஏறி மரங்களை வழித்துச் சென்றது. பயணக் கப்பல்கள் வழக்கமாகச் சென்றுவந்த டிரேசி ஆம் என்னும் ஃபியோர்டிலும், 2025 ஆகஸ்டில் ஓர் அதிகாலையில் சரிவு பெயர்ந்து பேரலை எழுந்தது. பாறை விழுவதற்கும் அலை வந்து சேர்வதற்கும் இடையே கிடைப்பவை சில நிமிடங்களே. அதற்குள் பெரிய கப்பலைத் திருப்பி வெளியேற்ற இயலாது. ஆகவே எந்தச் சரிவு அசைகிறது என்பதை முன்னரே அறிவது ஒன்றே வழி என்ற நிலையில், அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் உள்ள பேரி ஆம் பகுதியில் மெல்ல நழுவிக்கொண்டிருக்கும் மலைச்சரிவு ஒன்றை அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் கருவிகள் கொண்டு கண்காணித்து வருகின்றனர்.