ஒரு கணினி, ஐந்து கடுவன் பூனைகள்

கோவை உக்கடம் பேருந்து நிலையத்தில் பொள்ளாச்சி வண்டி ஒரு பக்கம், பழனி வண்டி ஒரு பக்கம், பாலக்காட்டு வண்டி ஒரு பக்கம் நிற்கும். பொள்ளாச்சி வண்டி ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்தால் பழனி வண்டி அதற்காகக் காத்திருப்பதில்லை. ஒரே கணினியில் வலைச் செயலி சர்வரைப் பல பிரதிகளாக ஓட்டுவதும் இதற்காகத்தான். வேகம் கூடும் என்று நம்பி இதில் இறங்குபவர்கள் ஏமாறுவார்கள். இருக்கிற பிராசசரையும் மெமரியையும்தான் எல்லாப் பிரதிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றின் கோளாறு இன்னொன்றுக்குப் பரவாது என்பதே ஆதாயம்.

ஜாவா செயலிகளை நடத்தப் பரவலாகப் பயன்படும் சர்வர் டாம்கேட். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதத் தொடங்கியது, 1999-இல் அப்பாச்சி அறக்கட்டளையின் கைக்கு வந்தது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பிராணி என்பதால் கடுவன் பூனையின் பெயரை வைத்தார். ஒரே டாம்கேட்டுக்குள் ஐந்து செயலிகளைப் போட்டுவிடலாமே, எதற்கு ஐந்து டாம்கேட் என்று கேட்பது நியாயம்தான். ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். சம்பளக் கணக்கும் பஞ்சு இருப்புக் கணக்கும் ஒரே டாம்கேட்டில் இருந்தால் இரண்டும் ஒரே ஜாவா புராசஸ். சம்பளச் செயலி மெமரியை விடாமல் தின்றால், இடத்தைக் காலி செய்ய ஜாவா அடிக்கடி எல்லாவற்றையும் நிறுத்திக் குப்பை கூட்டும். அந்த நேரத்தில் பஞ்சு லாரிக்கு ரசீது போடுபவரின் திரையும் உறைந்து நிற்கும். சம்பளச் செயலிக்கு மட்டும் புதிய ஜாவா வேண்டுமென்றாலும் எல்லாருக்கும் மாற்றியாக வேண்டும்.

பிரிப்பது கடினமில்லை. டாம்கேட்டின் நிரல் கோப்புகளை 'கேட்டலினா ஹோம்' என்ற ஒரே இடத்தில் பொதுவாக வைத்து, ஒவ்வொரு பிரதிக்கும் 'கேட்டலினா பேஸ்' என்ற தனிக் கோப்புறை கொடுக்கலாம். அமைப்புகளும் பதிவேடுகளும் செயலிகளும் அதற்குள் இருக்கும். அடுத்தது போர்ட் எண்கள். டாம்கேட் வழக்கமாக 8080-இல் கோரிக்கைகளை வாங்கும், 8005-இல் 'நிறுத்து' என்ற கட்டளைக்குக் காத்திருக்கும். இரண்டாவது பிரதிக்கு 8180, 8105 என்று தள்ளிவைப்பார்கள். பலரும் 8080-ஐ மாற்றிவிட்டு 8005-ஐ மறந்துவிடுவார்கள். அப்போது இரண்டாவது பிரதி எழுந்த வேகத்திலேயே அணைந்துவிடும். அணைந்தது தெரியாமல் அதை நிறுத்தப் போனால், கட்டளை 8005-க்குப் போய் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் பிரதி நின்றுவிடும். வெளியாருக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது. முன்னால் நிற்கும் எஞ்சின்எக்ஸ் போன்ற மென்பொருள் 443-இல் வாங்கி உரிய பிரதிக்கு அனுப்பிவிடும்.

மெமரிக்கு வரம்பு போடாமல் விடுவது இன்னும் பெரிய தவறு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு ஜாவா புராசஸும் கணினியின் மெமரியில் கால் பங்கு வரை தனக்கென எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி கணினியில் ஐந்து பிரதிகள் என்றால், ஆளுக்கு 4 ஜிபி வீதம் 20 ஜிபிக்குக் கணக்குப் போட்டிருக்கும். நெருக்கடி வந்ததும் லினக்ஸ் ஏதாவது ஒன்றைக் கொன்றுவிடும், பெரும்பாலும் அதிகம் தின்றதை. ஆகவே உச்ச அளவைப் பிரதிவாரியாக எழுதிவைத்து, இயங்குதளத்துக்கும் கொஞ்சம் மிச்சம் விட வேண்டும்.

செயலிகளைத் தனித்தனி அறைகளில் ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருள் இருக்கும் காலத்தில் இதெல்லாம் பழைய வித்தை என்பார்கள். டாக்கர் வேலியை இன்னும் உயரமாகக் கட்டும், போர்ட் குழப்பத்தையும் குறைக்கும். தெரிந்த ஆள் இருந்தால் அதுவே மேல். ஆனால் ஒரே கணினியும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரே ஆளும் உள்ள சிறு நிறுவனத்துக்கு, டாம்கேட்டிலேயே இருக்கும் வசதி போதும். கணினியே படுத்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் இந்த முறையில் பதில் கிடையாது. நிலையத்தின் வாசலே அடைபட்டால் எந்த வண்டியும் வெளியே வர முடியாது. கோவையில் மதுரைக்குப் போகச் சிங்காநல்லூர், ஊட்டிக்குப் போக மேட்டுப்பாளையம் சாலை என்று நிலையங்களே தனித்தனியாக இருக்கின்றன. அதுபோல, நின்றால் நஷ்டம் என்கிற செயலிக்கு இரண்டாவது கணினி ஒன்றை வாங்கித்தான் ஆக வேண்டும். அதுவரை, எந்தப் பிரதிக்கு எந்த போர்ட், எவ்வளவு மெமரி என்பதை ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள்.