மாட்டுவண்டியில் எதை ஏற்றுவது?

சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு சிறு சச்சரவு. பதின்மூன்று வயது மகள் இரவு பத்து மணியாகியும் கணனியை விட்டு எழும்பவில்லை. "விளையாடினது போதும், போய்ப் படி" என்று அதட்டினேன். "இது சரித்திரப் பாடம்தான் அப்பா. ரீச்சர்தான் தந்தவ" என்றாள். பதினொரு வருடங்கள் ஊரில் சரித்திரம் படிப்பித்தவனிடமே இப்படிக் கதை விடுகிறாளே என்றுதான் எண்ணினேன்.

அவளருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 'ஒறிகன் ட்ரெயில்' என்பது அவ்விளையாட்டின் பெயர். 1840களில் அமெரிக்காவின் மிசூறிப் பகுதியிலிருந்து மேற்கே ஒறிகன் வரை, ஏறத்தாழ 2,000 மைல் தூரத்தை மாட்டுவண்டிகளில் கடந்த குடும்பங்களின் கதை அது. கையிலுள்ள பணத்தில் மாடு எத்தனை, உணவு எவ்வளவு, உடுபுடவை, மாற்றுச் சில்லு எல்லாவற்றையும் பிள்ளையே தீர்மானிக்க வேண்டும். ஆற்றை இறங்கிக் கடப்பதா, காசு கொடுத்து ஓடத்தில் போவதா? பிழையாக முடிவெடுத்தால் பொருட்கள் ஆற்றோடு போய்விடும். வழியில் வாந்திபேதி வரும், வயிற்றுளைவு வரும், ஆட்கள் இறந்தும் போவர்.

இது இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1971 டிசம்பரில் மினியாபொலிஸ் நகரில் டொன் றோவிச் என்ற பயிற்சி ஆசிரியர், தம்முடன் தங்கியிருந்த கணித ஆசிரிய மாணவர் இருவரின் துணையோடு, தம் சரித்திர வகுப்புக்கென்று ஆக்கியது. அப்போது கணனித் திரையே இல்லை. தட்டச்சுப் பொறி போன்ற ஒன்று கேள்விகளைத் தாளில் அடித்துக் கொடுக்கும். மாணவர் விடையை அடிப்பர். வேட்டையாட 'பாங்' என்ற சொல்லை விரைந்து அடிக்கவேண்டும். வகுப்புக்கு ஒரு பொறிதான் என்றபடியால் பிள்ளைகள் தாமாகவே வேலையைப் பங்கிட்டனராம்: விரைவாக அடிப்பவன் வேட்டைக்கு, ஒருத்தி கணக்குக்கு, இன்னொருவன் வரைபடத்துக்கு. குழுவேலை செய்விக்க நாங்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன்.

பின்னர் 1970களின் நடுப்பகுதியில் மினசோற்றா மாநிலக் கல்விக் கணனி நிறுவனத்தில் சேர்ந்த றோவிச், அப்பயணிகளின் நாட்குறிப்புகளை வாசித்து, எந்தத் துன்பம் எவ்வளவு அடிக்கடி நேர்ந்தது என்று பார்த்து, விளையாட்டின் நிகழ்தகவுகளைத் திருத்தியமைத்தார். ஓர் ஆசிரியனாக என்னைக் கவர்ந்தது இதுதான். 'கல்வி விளையாட்டு' என்ற பெயரில் விற்பனையாகும் பல, சரியான விடைக்கு மணியடிக்கும் வெறும் அப்பியாசக் கொப்பிகளே.

குறையும் உண்டு. பழைய பதிப்புகள் குடியேற வந்தவர்களின் கண்ணால் மட்டுமே நிலத்தைப் பார்த்தன. அந்நிலத்துக்குரிய ஆதிக்குடிகள் அவற்றில் ஓரமாகவே நின்றார்கள். 2021ஆம் ஆண்டுப் பதிப்பை ஆதிக்குடி வரலாற்றறிஞர்களின் ஆலோசனையுடன் திருத்தினார்கள். நிலமிழந்து வந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லித்தான் விளையாடக் கொடுக்கவேண்டும்.

அன்றிரவு வண்டிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவள் திடீரெனத் திரும்பி, "அப்பா, நீங்கள் வெளிக்கிட்டபோது எதைக் கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டாள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனத்தோடு சனமாக நகர்ந்ததை இத்தனை வருடங்களில் அவளுக்கு நான் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு படிப்பு எங்கே, படுக்கை எங்கே! ஒரு தாளை எடுத்தாள். 'சைக்கிள் ஒன்று' என்று தமிழில் எழுதினாள். எழுத்துப் பிழையைத் திருத்தினேன். அரிசி, மண்ணெண்ணெய், மாற்றுடுப்பு, என் பட்டச் சான்றிதழ், அப்பம்மாவின் மருந்து என்று பட்டியல் நீண்டது. 'ஸ்கிறற்ச்' என்னும் இலவச மென்பொருளில் தானே இதை ஒரு விளையாட்டாகச் செய்யப் போகிறாளாம். சைக்கிள் எத்தனை கிலோ தாங்கும், பாலத்தைக் கடக்க எத்தனை மணித்தியாலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தாள். தெரிந்தவற்றுக்கு விடை சொன்னேன்.

"அப்பம்மாவைக் கரியரில் இருத்தினால் அரிசி மூட்டையை எங்கே வைத்தீர்கள்?"

மூட்டையைப் படலையடியில் இறக்கி வைத்துவிட்டு வந்ததைச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள்.