கடையை மூடிய கடன்காரர், வீட்டோடு மாப்பிள்ளை, அமெரிக்க அதிபர்... பேரன்களின் நினைவில் ட்ரூமன் தாத்தா!

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த 6 வயது கிளிஃப்டனிடம் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். "உன் தாத்தா அமெரிக்க அதிபரா இருந்தவர்தானே?" பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விசாரித்தான். "ஆமாம். ஆனா, யாரோட தாத்தா வேணும்னாலும் அதிபர் ஆகலாம். அதுக்காகத் தலைக்கனம் வந்துடக் கூடாது" என்ற பொருளில் பதில் வந்தது.

அந்தத் தாத்தா, அமெரிக்காவின் 33-வது அதிபர் ஹாரி ட்ரூமன். உலகம் அவரை அணுகுண்டோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது. ஆனால், அவருக்கு 60 வயது ஆகும் வரையிலான கதை, நம் ஊர் பஜாரில் கடை வைத்து, வார்டு தேர்தலில் நின்று, மாமியார் வீட்டில் குடியிருந்த எந்தத் தாத்தாவின் கதைக்கும் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

தொப்பி, டை, சட்டை!

மிசௌரி மாநிலத்து விவசாயக் குடும்பம். கல்லூரிப் பட்டம் கிடையாது. முதல் உலகப் போரில் பீரங்கிப் படை கேப்டனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், 1919 ஜூனில் காதலி பெஸ்ஸை மணந்தார். அதே ஆண்டு நவம்பரில், ராணுவ நண்பர் எட்டி ஜேக்கப்சனுடன் சேர்ந்து கான்சாஸ் சிட்டியில் ஆண்களுக்கான கடை திறந்தார். சட்டை, டை, பெல்ட், தொப்பி என்று காலை முதல் இரவு வரை வியாபாரம்.

முதல் வருஷம் கடை நன்றாகவே ஓடியது. அடுத்து வந்த பொருளாதார மந்தம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அதிக விலைக்கு வாங்கி அடுக்கிய சரக்கு, பாதி விலைக்குக்கூடப் போகவில்லை. 1922-ல் கடைக்குப் பூட்டு விழுந்தது.

ஜேக்கப்சன் பின்னர் திவால் மனு கொடுத்தார். சட்டப்படி அதில் தவறில்லை. ட்ரூமன் மட்டும் மறுத்துவிட்டார். கடைக் கடனை ஏறக்குறைய 15 ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார். செனட்டர் ஆன பிறகும் அந்தப் பழைய கணக்கு அவரைத் துரத்தியது. கடை போனாலும் பார்ட்னர்களின் நட்பு கடைசிவரை போகவில்லை என்பது இந்தக் கதையின் அழகு.

பெயர்தான் ஜட்ஜ்... வேலை ரோடு போடுவது!

கடை மூடிய அதே 1922-ல் ஜாக்சன் கவுன்ட்டி தேர்தலில் நின்று ஜெயித்தார். பதவியின் பெயர் 'ஜட்ஜ்' என்றாலும், கோர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊர் ஒன்றியத் தலைவர் போல ரோடு, பாலம், வரவு செலவு பார்க்கும் வேலை. 1924-ல் மகள் மார்கரெட் பிறந்தாள். அதே ஆண்டு தேர்தலில் தோற்றார். வருமானத்துக்காக ஆட்டோமொபைல் கிளப்புக்கு உறுப்பினர் சேர்க்கும் வேலை பார்த்தார். 1926-ல் கவுன்ட்டியின் தலைமைப் பொறுப்புக்கே தேர்வானார்.

உள்ளூர் அரசியல் என்றால் சுத்தமாக இருக்குமா? அவரை நிறுத்தியவர் டாம் பென்டர்காஸ்ட். கான்சாஸ் சிட்டியையே கைக்குள் வைத்திருந்த அரசியல் தாதா. ரோடு கான்ட்ராக்ட்டுகளைத் தன் ஆட்களுக்குக் கேட்டார். ட்ரூமன் குறைந்த தொகை கேட்டவருக்கே கொடுத்தார். ஆனாலும், பெரிய திருட்டைத் தடுக்கச் சின்னத் திருட்டுகளைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டியிருந்ததைத் தன் சொந்தக் குறிப்புகளில் எழுதிவைத்து, 'நான் செய்தது சரியா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

1939-ல் வருமான வரி வழக்கில் பென்டர்காஸ்ட் ஜெயிலுக்குப் போனார். 1945 ஜனவரியில் இறந்தபோது, துணை அதிபராகப் பதவியேற்றுச் சில நாள்களே ஆகியிருந்த ட்ரூமன் இறுதிச் சடங்குக்குப் போய் நின்றார். பலரும் திட்டினார்கள். பழகியவரை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

மாமியார் மெச்சாத மாப்பிள்ளை

கல்யாணமான நாளிலிருந்து ட்ரூமன் 'வீட்டோடு மாப்பிள்ளை'. இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்த மாமியார் வீட்டில்தான் குடித்தனம். விவசாயி மகன் தன் பெண்ணுக்குப் பொருத்தமில்லை என்பது மாமியாரின் எண்ணம். மாப்பிள்ளை அதிபரான பிறகும் அந்த எண்ணம் பெரிதாக மாறவில்லை. ஆனாலும், அவரையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்டார். 1952-ல் அங்கேதான் அவர் உயிர் பிரிந்தது.

மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்களில் 1,200-க்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. தான் எழுதியவற்றை பெஸ் ஒருநாள் நெருப்பில் போட்டாராம். "வரலாற்றை யோசிச்சுப் பாரு பெஸ்!" என்று பதறினார் கணவர். "அதைத்தான் யோசிச்சேன்" என்றாராம் பெஸ்!

பாடகியான மகளின் கச்சேரியை 1950-ல் ஒரு விமர்சகர் குறை சொல்லி எழுத, 'உம்மை நேரில் பார்த்தால் மூக்கு உடையும்' என்கிற ரீதியில் கடிதம் அனுப்பினார் அதிபர் அப்பா. நாடே சிரித்தது, கொரியப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சிலர் கொதித்தார்கள்.

அவருடைய நகைச்சுவை எப்போதும் இப்படிச் சுடுவதில்லை. பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வது எப்படி என்று கேட்டதற்கு, 'அவர்களுக்கு என்ன பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதையே செய்யச் சொல்ல வேண்டும்' என்றார். 1953-ல் பதவி முடிந்து ஊர் திரும்பியதும் முதலில் என்ன செய்தீர்கள் என்று நிருபர் கேட்டபோது, 'பெட்டிகளைத் தூக்கிப்போய்ப் பரணில் வைத்தேன்' என்றார்.

மார்கரெட்டுக்கு 4 மகன்கள். பேரன்களோடு தரையில் உருண்டு விளையாடும் தாத்தா அல்ல இவர். விறைப்பான ஆள். மூத்த பேரன்கள் இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவர் வாசித்துக் காட்டியது, 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்கப் போர் வரலாறு!

பேரன் கையில் ஒரு கொக்கு

1972 டிசம்பர் 26-ல், 88 வயதில் தாத்தா இறந்தபோது கிளிஃப்டனுக்கு 15 வயது. பல ஆண்டுகள் கழித்து கிளிஃப்டனின் மகன், பள்ளியிலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தான். ஹிரோஷிமாவில் 2 வயதில் கதிர்வீச்சுக்கு ஆளாகி, 12 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த சடாகோ சசாகியின் கதை. காகிதக் கொக்குகளை மடித்துக்கொண்டே உயிரைப் பிடித்துவைத்திருந்த சிறுமி.

2010-ல் சடாகோவின் அண்ணன் மசாஹிரோ, நியூயார்க்கில் கிளிஃப்டனைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பில், சடாகோ கடைசியாக மடித்த குட்டிக் கொக்கு கிளிஃப்டனின் உள்ளங்கையில் வைக்கப்பட்டது. ஹிரோஷிமாவுக்கு வருவீர்களா என்ற கேள்வியும் வந்தது. 2012 ஆகஸ்ட்டில் குடும்பத்தோடு போனார் கிளிஃப்டன். ஹிரோஷிமா, நாகசாகி இரண்டு ஊர்களின் நினைவு நாள்களிலும் நின்றார். உயிர் பிழைத்தவர்களுடன் உட்கார்ந்து அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

தாத்தாவைத் திட்டவும் இல்லை, அவருக்காக வாதாடவும் இல்லை. அந்தப் பெரியவர்கள் பேரனிடம் வைத்த கோரிக்கை ஒன்றுதான்: இன்னொரு முறை இது நடக்காமலிருக்க, எங்கள் கதையை எல்லோருக்கும் சொல்லுங்கள். கிளிஃப்டன் அதைச் செய்துவருகிறார். தாத்தாவின் வேடத்தில் நாடக மேடையும் ஏறியிருக்கிறார்!