வெளிக்கிடுதலும் வெளிக்குப் போதலும்

பெரம்பலூர் துறைமங்கலம் முகாமிலிருந்து ஒரு நண்பர் வரதராஜன்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், 1990இல் படகேறி வந்தவர். சாப்பிட்டு எழுந்ததும், 'அப்ப நான் வெளிக்கிடுறன் அம்மா' என்றார். எங்க அத்தை ஒரு செம்புல தண்ணி மொண்டு கையில குடுத்து, 'அந்தாண்ட முந்திரிக் கொல்லைப் பக்கம் போ தம்பி' என்று சொல்லுச்சு. அவருக்கு வெளிக்கிடுதல் என்றால் புறப்படுதல். எங்களுக்கு வெளிக்குப் போவது வேறு காரியம். சிரித்து ஓய நேரமாயிற்று.

ஒரே மொழிக்குள் நடக்கும் இந்த மோதல் நமக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப்போர் பற்றிய தன் நூலில் சர்ச்சில் ஒன்றைச் சொல்கிறார். ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்யவேண்டும் என்றனர் பிரிட்டிஷ் அதிகாரிகள். உடனே விவாதிக்கவேண்டும் என்பது பொருள். அமெரிக்கர்களுக்கோ அது கிடப்பில் போடுவது. இரு தரப்பும் ஒரே கருத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் சண்டை பிடித்திருக்கின்றன. ஆனால் அங்கே இருவரும் சமமாக ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். அதைக் கவனிக்க வேண்டும்.

நம் விஷயத்துக்கு வருவோம். 'ஆறுதலா வாங்கோ' என்றால் அங்கே அவசரமில்லாமல் வாருங்கள் என்று அர்த்தம். இங்கே ஆறுதல் சாவு வீட்டில் சொல்வது. 'எனக்கு விளங்கேல்லை' என்றால் அங்கே புரியவில்லை. நம்ம ஊர்ல 'விளங்காம போ' என்பது சாபம். அங்கே சாதாரணமாகப் பேசிக்கொள்வது கதைத்தல். 'அவர் என்னைப் பேசிப்போட்டார்' என்றால் திட்டிவிட்டார். நாம் 'கதை விடாதே' என்று பொய்யோடு சேர்த்துவிட்ட சொல் அவர்களுக்கு உரையாடல். (நம்ம பக்கமும் 'என்னா பேச்சு பேசிட்டான்' என்கிறோம். வித்தியாசம் நினைப்பதுபோல அவ்வளவு கறாரானதல்ல.)

குழப்பம் இரு பக்கமும் சமம். திருத்திக்கொள்ளும் பொறுப்பு மட்டும் ஒரு பக்கம். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு ஈழ வழக்கே இங்கே சந்தேகத்துக்குரிய அடையாளமாயிற்று. வாடகைக்கு வீடு கேட்கப் போனால் நண்பர் 'கதைக்க'மாட்டார், 'பேசுவார்'. ஒரு அலுவலகத்தில் விசாரணைக்கு நின்றபோது 'விளங்கேல்லை ஐயா' என்றிருக்கிறார். 'ஒழுங்கா தமிழ்ல பேசு' என்று பதில் வந்ததாம். தமிழனைப் பார்த்துத் தமிழன்!

அகராதியிலும் இதன் சாயல் உண்டு. 2008இல் வந்த க்ரியா அகராதியின் இரண்டாம் பதிப்பு இலங்கைச் சொற்களைக் குறியிட்டுச் சேர்த்தது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் குறி அவர்களுக்கு. குறியில்லாத 'பொதுத் தமிழ்' நமக்கு. ஈழ நாவல் இங்கே அச்சானால் கடைசியில் சொல்விளக்கப் பட்டியல் கேட்கிறோம். நம் வட்டார நாவல்களுக்கு யாழ்ப்பாண வாசகர் பட்டியல் கேட்டு நான் கண்டதில்லை.

நண்பரின் மகள் முகாமில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் 'கிளம்புறேன்', வீட்டில் 'வெளிக்கிடுறன்'. போன முறை எங்கள் வீட்டுக்கு வந்தவள், கிளம்பும்போது இரண்டையும் சொல்லாமல் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். அத்தைதான், 'என்னாடி, வெளிக்கிடுறியா?' என்றது.